மின்விலாங்கும் தந்திக் கம்பியும்

1870–71இல் சென்னையையும் பினாங்குத் துறைமுகத்தையும் கடலடித் தந்திக் கம்பி இணைத்தது. அதனூடே செய்தியைச் செலுத்தியது மின்கலம். அம்மின்கலத்தின் முன்னோடி ஒரு மீன் என்றால் மாணவர் நகைப்பர்! தென்னமெரிக்க நன்னீரில் வாழும் மின்விலாங்கின் உடலில் ஆயிரக்கணக்கான தட்டை உயிரணுக்கள் வரிசையாய் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் தருவது அற்ப மின்னழுத்தமே. நரம்பின் ஆணையால் யாவும் ஒருங்கே இயங்குகையில் 860 வோல்ட்டு வரை எழும். மெல்லிய துடிப்புகளாலோ அது இருளில் வழியறியும்.

இம்மீனின் அதிர்ச்சி மின்சாரமே என்பதை 1776இல் இலண்டனில் தீப்பொறி எழுப்பிக் காட்டியவர் ஜான் வால்ஷ். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் பிறந்தவர், கிளைவின் செயலர். (கம்பெனி ஊழியத்தை நாம் போற்ற வேண்டுவதில்லை, ஆய்வு ஆய்வே.) அச்சோதனையை அவர் தாமே எழுதி வெளியிடவில்லை. 1800இல் வோல்ட்டா தம் மின்னடுக்கை அறிவித்தபோது அதனை மீனின் மின்னுறுப்புக்கே ஒப்பிட்டார். நான் கற்பித்த பாடநூல்களில் வோல்ட்டா இருந்தார், வால்ஷ் இல்லை.