அச்சமும் வெரூஉதலும்: பதற்றக் கோளாறுகளை விளங்கிக்கொள்வதில் மெய்ப்பாட்டியலின் இடம்

முன்னுரை

அச்சம் உயிர்களுக்கு இயல்பானது. பாம்பைக் கண்டு விலகுவோனை அவ்வச்சமே காக்கிறது. ஆயின் அஞ்சுதற்குரிய பொருள் எதிரில் இல்லாதபோதும் நெஞ்சு படபடத்தல், மூச்சுத் திணறல், வியர்த்தல், கைகால் நடுங்குதல் ஆகியன தோன்றி ஒருவரை வருத்துவதுண்டு. இந்நிலை அடிக்கடி நேர்ந்தோ நீடித்தோ வாழ்க்கையைக் குலைக்குமாயின், இன்றைய உளமருத்துவம் அதனைப் பதற்றக் கோளாறுகளுள் அடக்கும். பொருளுள்ள அச்சத்திற்கும் பொருளற்ற அச்சத்திற்கும் உள்ள இவ்வேறுபாட்டைத் தமிழ் இலக்கண மரபு எவ்வளவு உணர்ந்திருந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சத்தின் நிலைக்களன்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைக்கிறது. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கும் அதன் நிலைக்களன்கள். இவை நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே உள்ளவை என்பது நோக்கத்தக்கது.

எண்வகையை அடுத்து முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளையும் அவ்வியல் தொகுத்துரைக்கிறது. வெரூஉதல், விரைவு, உயிர்ப்பு, கையாறு, வியர்த்தல், ஐயம், நடுக்கு ஆகியன அவற்றுள் அடங்கும். இவை அச்சத்திற்கு மட்டும் உரியன என்று நூல் கூறவில்லை. எனினும் பதற்றத்தால் துன்புறுவோர் மருத்துவரிடம் கூறும் அறிகுறிகளுள் பலவற்றுக்கு இப்பட்டியலில் பெயர் உண்டு.

பேராசிரியர் உரை

இங்குப் பேராசிரியர் உரை சிறப்பிடம் பெறுகிறது. அவர் வெரூஉதலை விலங்கும் பறவையும் வெருவி நிற்றலோடு ஒப்பிடுகிறார். அஞ்ச வேண்டாதவற்றைக் கண்டபோதும் விரைந்து தோன்றி மாறும் நிலை அது என்கிறார். தகுந்த காரணமின்றி எழுதல், விரைந்து தோன்றி மறைதல் ஆகிய இரண்டும் இன்று திடீர்ப் பதற்றத் தாக்குதல் எனப்படுவதன் இயல்புகளோடு ஒத்துள்ளன. நடுக்கு என்பதை விளக்குமிடத்தோ, மக்களுக்கு என்ன பிணி வருமோ எனப் பெற்றோர் நடுங்குவதை அன்பால் வரும் நடுக்கம் என அவர் வேறாகக் காட்டுகிறார். வாராத துன்பத்தை எண்ணி முன்னரே கலங்குவதும் மெய்ப்பாடாகக் கொள்ளப்பட்டமைக்கு இது சான்றாகும்.

சேரநாட்டு வழக்கு

வெரூஉதலின் அடிச்சொல் தமிழோடு நின்றுவிடவில்லை. இடப்பள்ளி உள்ளிட்ட கொச்சிப் பகுதி பண்டைச் சேரநாட்டைச் சார்ந்தது. அங்கு வழங்கும் மலையாளத்திலும் 'வெருளுக' என்னும் வினை அஞ்சுதல், திடுக்கிடுதல் என்னும் பொருள்களில் உண்டு. தமிழில் வெருவுதல், வெருளுதல் என்பன இதன் இனச்சொற்கள். எனவே இவ்வனுபவத்தைக் குறிக்கும் சொல் இருமொழிக்கும் பொதுவான பழஞ்செல்வம் எனலாம்.

மருத்துவ வரலாறு

மேலைநாட்டில் சிக்மண்ட் பிராய்டு 1895இல் பதற்ற நரம்பியத்தை 'நரம்புத் தளர்ச்சி' என்னும் பரந்த வகையிலிருந்து பிரித்தார். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு அப்பதற்ற நரம்பியத்தையே திடீர்ப் பதற்றக் கோளாறு, பொதுமைப்பட்ட பதற்றக் கோளாறு என இரண்டாக்கியது. அக்கையேட்டின் இன்றைய பதிப்பின்படி, பொதுமைப்பட்ட பதற்றக் கோளாறு என்று துணிய, கட்டுக்கடங்காக் கவலை குறைந்தது 6 மாதம் நீடித்திருத்தல் வேண்டும். அதனோடு அமைதியின்மை, களைப்பு, மனம் ஒன்றாமை, எரிச்சல், தசையிறுக்கம், உறக்கக்கேடு ஆகியவற்றுள் சில காணப்படும். தைராய்டு மிகைச் சுரப்பு முதலிய உடல்நோய்களும் இத்தகைய அறிகுறிகளைக் காட்டும். ஆதலின் மருத்துவ ஆய்வு இன்றியமையாதது.

ஒப்பீட்டின் எல்லை

இவ்வொப்புமைகளைக் கொண்டு பண்டைத் தமிழர் உளமருத்துவம் அறிந்திருந்தனர் என முடிவுகட்டுதல் பொருந்தாது. மெய்ப்பாட்டியல் செய்யுளுறுப்பை விளக்குவது, நோயை ஆராய்வதன்று. எவ்வளவு காலம் நீடித்தது, வாழ்க்கையை எவ்வளவு குலைத்தது என்னும் வினாக்கள் அதற்கு உரியன அல்ல. அவை மருத்துவத்தின் வினாக்கள்.

முடிவுரை

ஆயினும் மெய்ப்பாட்டியலால் விளையும் பயன் ஒன்றுண்டு. உள்ளத்தின் நிகழ்ச்சி உடலில் வெளிப்படும் என்பதே மெய்ப்பாட்டுக் கொள்கையின் அடிப்படை. இதனை மறந்தமையால், படபடப்பும் நடுக்கமும் உடையோர் இதயநோய் என்றஞ்சி மருத்துவமனைதோறும் அலைகின்றனர். அல்லது கோழைகள் என்று பழிக்கப்படுகின்றனர். பிராய்டு விலக்கிய 'நரம்புத் தளர்ச்சி' என்னும் பெயரே நம் பேச்சுவழக்கில் இன்னும் இவ்வறிகுறிகளுக்கு வழங்குகிறது. உளவழிச் சிகிச்சையாலும் மருந்தாலும் தணிக்கத்தக்க துன்பம், உரிய பெயரின்மையால் மறைந்து கிடக்கிறது. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் வெரூஉதல், நடுக்கு, கையாறு போன்ற சொற்களின் நுண்பொருளைக் கருத்திற்கொள்வராயின், நோயுற்றோர் தம் நிலையை நாணமின்றி எடுத்துரைக்கத் தமிழ் துணைநிற்கும்.