லிலியான் துராம்

லிலியான் துராம் (பிறப்பு: 1972 ஜனவரி 1) பிரான்ஸ் நாட்டின் முன்னாள் கால்பந்து வீரர்; தற்காப்பு ஆட்டக்காரர். பிரான்சுக்காக 142 பன்னாட்டு ஆட்டங்களில் ஆடினார். 2022-இல் கோல்காப்பாளர் ஊகோ லோரிஸ் முந்தும்வரை அதுவே அந்நாட்டு ஆடவர் அணியின் சாதனை. அத்தனை ஆட்டங்களிலும் சேர்த்து அவர் அடித்தவை இரண்டே கோல்கள். இரண்டும் ஒரே இரவில்.

கரீபியக் கடலில் பிரான்சுக்கு உட்பட்ட குவாதலூப் தீவில் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளின் தாய் பிழைப்புக்காக முன்னதாகவே பாரிஸ் சென்று வீட்டுவேலை செய்தார். துராம் ஒன்பது வயதில் அங்கே வந்து சேர்ந்தார். வகுப்பில் அவரைத் தொலைக்காட்சிக் கேலிச்சித்திரத்தில் வந்த ஒரு கறுப்புப் பசுவின் பெயரால் கூப்பிட்டார்கள். அவருடைய பிற்கால வாழ்வைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தி முக்கியமானது.

மொனாக்கோ கிளப்பில் ஆர்சென் வெங்கரின் பயிற்சியில் வளர்ந்து, 1996-இல் இத்தாலியின் பார்மாவுக்குப் போனார். பின்னால் கோல்காப்பாளர் புஃபோன், பக்கத்தில் தற்காப்பாளர் கன்னவாரோ. அவர்களோடு 1999-இல் யூஃபா கோப்பையை வென்றார். 2001 முதல் யுவென்டஸ். அங்கே 2002, 2003 லீக் பட்டங்கள். கடைசி இரண்டு பருவங்கள் பார்சிலோனாவில்.

1998 ஜூலை 8. உலகக் கோப்பை அரையிறுதி, எதிரணி குரோவேஷியா. கிளப்பில் நடுத் தற்காப்பில் நின்றவரைப் பயிற்சியாளர் எமே ஜாக்கே வலப்புறத்தில் நிறுத்தியிருந்தார். இடைவேளை முடிந்த முதல் நிமிடத்திலேயே குரோவேஷியாவின் சூக்கர் கோல் போட்டார். மற்ற தற்காப்பாளர்கள் முன்னேறியிருக்க, துராம் மட்டும் பின்தங்கி நின்றதால்தான் சூக்கர் ஆஃப்சைடு ஆகாமல் தப்பினார். அடுத்த நிமிடமே துராம் எதிரணியின் பொபானின் காலிலிருந்து பந்தைப் பறித்தார்; சக வீரர் ஜோர்காயெஃப் திருப்பித் தந்ததை வலைக்குள் தள்ளினார். 70-ஆம் நிமிடத்தில், பழக்கமில்லாத இடது காலால், பெனால்டி கட்டத்தின் விளிம்பிலிருந்து வளைத்து அடித்தது இரண்டாவது. பிறகு முழந்தாளிட்டு, விரலை உதட்டில் வைத்து, விடை கிடைக்காத கணக்கை யோசிப்பவர்போல் உட்கார்ந்தார். 2-1. நான்கு நாள் கழித்துப் பிரான்ஸ் முதன்முறையாக உலகக் கோப்பையை வென்றது. ஆனாலும் அவரது தரத்தைக் காட்டுவது கோல்கள் அல்ல. அத்தொடரின் ஏழு ஆட்டங்களிலும் பிரான்ஸ் வாங்கிய கோல்களும் இரண்டுதான்.

2000-இல் ஐரோப்பியக் கோப்பையையும் வென்றார். நாட்டு அணியிலிருந்து ஒருமுறை விடைபெற்றுவிட்டு, சக வீரர்கள் ஸிதான், மக்கெலேலே ஆகியோரோடு 2005-இல் திரும்பிவந்து, 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்திலும் ஆடினார். 2008-இல் மருத்துவப் பரிசோதனை இதயக் கோளாறைக் காட்டியது. அதே கோளாறுக்கு உடன்பிறந்தவரைப் பறிகொடுத்த குடும்பம் அது. துராம் ஆட்டத்தை நிறுத்தினார்.

அதே ஆண்டு இனவெறிக்கு எதிரான கல்விக்காக அறக்கட்டளை தொடங்கினார். கறுப்பின ஆளுமைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 2010-இல் வெளிவந்தது. மூத்த மகனுக்கு, கறுப்பின மக்களின் தலைவர் மார்கஸ் கார்வியின் நினைவாகவே மார்கஸ் என்று பெயர் வைத்திருந்தார். அந்த மார்கஸ் 2022 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரான்ஸ் அணியின் முன்கள வீரராக இறங்கினார்.