நாய்க்கு கு.க. ஆபரேஷன் பண்ணியாச்சா? முதல் 10 நாள் உஷார்!

ஓசூர்:
சிப்காட், மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி, மத்திகிரி பகுதி லைன் வீடுகளில் நாய் வளர்ப்போர் பலர். புருஷன், பெண்டாட்டி இருவரும் ஷிப்டுக்குப் போய்விட்டால் வீட்டுக்குக் காவல் அதுதான். பெண் நாய்க்கு கு.க. ஆபரேஷன் செய்வது நல்லது. குட்டித் தொல்லை இல்லை. கர்ப்பப்பையில் சீழ் பிடித்து சாகும் ஆபத்தும் இல்லை. சீக்கிரமே செய்தால் மடியில் கட்டி வரும் வாய்ப்பும் குறையும். ஆனால் ஆபரேஷனோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அதற்குப் பிறகு வீட்டில் பார்த்துக் கொள்வதில்தான் உயிரே இருக்கிறது.

வயிற்றைக் கிழித்து கர்ப்பப்பை, சினைப்பை இரண்டையும் எடுக்கிற பெரிய ஆபரேஷன் இது. வெளித்தோல் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். உள்தையல் ஆற 10 முதல் 14 நாள் ஆகும். நாய் மூன்றாம் நாளே வாலாட்டி ஓடி வரும். 'சரியாகிடுச்சு' என்று அவிழ்த்து விட்டால் தையல் பிரிந்து குடல் வெளியே வந்துவிடும்.

முதல் ராத்திரி

மயக்க மருந்தின் வேகம் முழுசாக இறங்க ஒரு நாள் வரை ஆகலாம். நாய் தள்ளாடும், முனகும், நடுங்கும். கட்டில், மாடிப்படி பக்கம் விடக் கூடாது. தரையில் சாக்கு விரித்து மேலே சுத்தமான துணி போட்டுப் படுக்க வைக்க வேண்டும். ஓசூர் குளிருக்கு ஒரு போர்வை அவசியம். நன்றாக முழித்த பிறகு கொஞ்சம் தண்ணீர், பிறகு வழக்கமான சாப்பாட்டில் பாதி போதும். அரை மயக்கத்தில் ஊட்டினால் புரை ஏறிவிடும். வலியில் இருக்கிற நாய் வளர்த்தவரையே கடிக்கும். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீங்க.

வார லீவுக்கு முந்தைய நாள் ஆபரேஷன் வைத்துக்கொண்டால், அடுத்த நாள் முழுக்க யாராவது கூட இருக்கலாம்.

நக்க விடாதீங்க

நாய் நக்கினால் புண் ஆறும் என்பது தப்பு. நக்கினால் சீழ் பிடிக்கும், பல்லால் தையலையே பிடுங்கிவிடும். கழுத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக் கூம்பை தையல் பிரிக்கும் வரை கழற்றக் கூடாது. கூம்பு கிடைக்காவிட்டால் பழைய காட்டன் பனியனை மாட்டி முதுகுப் பக்கம் முடிச்சுப் போடலாம். ஈரமானால் உடனே மாற்ற வேண்டும்.

* மஞ்சள், சாம்பல், எண்ணெய், மண்ணெண்ணெய் எதையும் புண்ணில் பூசக் கூடாது.
* தையல் பிரிக்கும் வரை குளிப்பாட்டக் கூடாது.
* ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும். வாசலில் கட்டாமல் வீட்டுக்குள் வைப்பது நல்லது.
* ஒன்று, இரண்டுக்குப் போக சங்கிலி பிடித்து மெதுவாக நடத்தினால் போதும். ஓட்டம், தாண்டல், பைக் பின்னால் துரத்தல் கூடவே கூடாது.
* ஆண் நாய்களைக் கிட்ட சேர்க்கக் கூடாது.
* புரூபன், டைக்ளோபினாக் போன்ற மனுஷ வலி மாத்திரை நாய்க்கு விஷம். வயிறு புண்ணாகும், கிட்னி கெடும். டாக்டர் எழுதிய மருந்தை மட்டும் சொன்ன நாள் வரை தர வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரம்

தையல் ஓரம் லேசான வீக்கம், சிவப்பு இருந்தால் பயமில்லை. இரண்டு நாள் மலம் போகாததும் சகஜம். ஆனால் உதட்டைத் தூக்கிப் பார்க்கும்போது ஈறு வெளுத்திருந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். ஒரு நிமிஷம் கூட தாமதிக்கக் கூடாது. வயிறு உப்பினாலும், ரத்தம் சொட்டினாலும், நாற்றத்தோடு சீழ் வந்தாலும், ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருந்தாலும், ஒன்றுக்கே போகாவிட்டாலும், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும் உடனே தூக்கிப் போக வேண்டும். தையல் பிரிந்து குடல் தெரிந்தால் உள்ளே தள்ளப் பார்க்காதீங்க. சுத்தமான துணியை நனைத்து மூடி எடுத்துப் போங்க.

அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கம் போய் ஆபரேஷன் செய்து வருகிறவர்கள் சீட்டைத் தொலைக்கக் கூடாது. அவசரத்துக்கு இங்கே வேறு டாக்டரிடம் காட்டும்போது, என்ன ஊசி போட்டார்கள் என்பது அதில்தான் இருக்கும். கால்நடை அவசர உதவிக்கான 1962 போன் நம்பர் தமிழகம், கர்நாடகம் இரண்டிலும் உண்டு.

தெரு நாய்க்கும் இதே கதைதான்

சென்னையில் தெரு நாய்களைப் பிடித்துக் கொன்ற காலம் இருந்தது. 1996-ல் அங்கே கு.க. திட்டம் வந்தது. நாடு முழுக்க 2001-ல் விதி வந்தது, 2023-ல் அது புதிதாக்கப்பட்டது. அதன்படி தெரு நாய்க்கு ஆபரேஷன் செய்வது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு, வீட்டு நாய்க்கு வளர்ப்பவர் பொறுப்பு. கு.க.வும் வெறிநாய் தடுப்பூசியும் முடிந்த தெரு நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், ஆனால் வெறி பிடித்தவை, ஆக்ரோஷமானவற்றை விடக் கூடாது என்று 2025 ஆகஸ்ட் 22-ல் சுப்ரீம் கோர்ட் கூறியது. காதில் வெட்டு அடையாளம் இருந்தால் அது ஆபரேஷன் ஆன நாய். அப்படி ஒன்று உங்கள் தெருவில் புண்ணோடு படுத்திருந்தால் கல்லெடுத்துத் துரத்தாமல், நகராட்சி அல்லது மாநகராட்சிக்குத் தகவல் சொல்லுங்கள்.

வீட்டு நாயோ, தெரு நாயோ, கடித்துவிட்டால் காயத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.