கல்லமேட்டு டைனோசர்: அருங்காட்சியகம் சேராத எலும்புகள்

அரியலூர் மாவட்டத்திலுள்ள கல்லமேடு, தமிழ்நாட்டில் டைனோசர் எலும்புகள் கிடைத்த ஊர்களுள் முதன்மையானது. இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த பி. யாதகிரி, கே. அய்யாசாமி ஆகிய இருவரும் இங்கு கிடைத்த பேரெலும்புகளை ஆராய்ந்து, 1980களின் இறுதியில் ஒரு புதிய டைனோசரை அறிவித்தனர். அதன் பெயர் புருகத்காயோசாரஸ் மேட்லியி. முதற்பகுதிக்குப் பேருடல் கொண்ட பல்லி என்று பொருள். பிற்பகுதி, திருச்சிராப்பள்ளிப் பகுதியின் டைனோசர் எச்சங்களை ஆராய்ந்து 1929இல் எழுதிய சார்லஸ் மேட்லியை நினைவுகூர்கிறது.

அறிவித்தபோது அது ஓர் ஊனுண்ணி. இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, கணைக்கால் எலும்பு, முன்கை எலும்பு, வால் முள்ளெலும்பு ஆகியவற்றைக் கொண்டு, வேட்டையாடும் டைனோசர்களின் பிரிவில் அது வைக்கப்பட்டது. ஆனால் கணைக்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம். டைரனோசாரஸ் ரெக்ஸின் அதே எலும்பு ஒன்றேகால் மீட்டரைக்கூடத் தாண்டாது. இரண்டு கால்களில் நடந்து இரை தேடும் விலங்குக்கு இந்த அளவு பொருந்தவில்லை. 1990களில் சங்கர் சட்டர்ஜி, இது நீண்ட கழுத்துடைய தாவர உண்ணியே என்று திருத்தினார். சிலர் அவை எலும்புகளே அல்ல, கல்லான மரத்துண்டுகள் என்றும் ஐயுற்றனர்.

எலும்புகளை எடுத்துப் பார்த்திருந்தால் இந்த ஐயம் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். எடுத்துப் பார்க்கத்தான் எலும்புகள் இல்லை. கல்லமேட்டு எலும்புகள் தொட்டாலே உதிரக்கூடியவை. ஆய்வு மையத்தை அடையும் முன்பே, களத்தில் போட்ட பிளாஸ்டர் உறைக்குள்ளேயே அவை நொறுங்கத் தொடங்கிவிட்டன. பீட்டர் கால்டனும் அய்யாசாமியும் 2017இல் இதை வெளியிட்டனர். 2022இல் சௌரப் பாலும் அய்யாசாமியும் பழைய களப் புகைப்படங்களை வெளியிட்ட பிறகே, கிடைத்தவை எலும்புகள்தாம் என்பது உறுதிப்பட்டது. உலகின் மிகப்பெரிய தரைவாழ் விலங்குகளுள் ஒன்றாக இருந்திருக்கக்கூடிய உயிரினத்துக்கு இன்று எஞ்சியிருக்கும் சான்று சில படங்களும் அளவுகளுமே.

இதே யாதகிரி 1988இல் விவரித்த கோட்டாசாரஸ் என்னும் தாவர உண்ணிக்கு வேறு விதி வாய்த்தது. கோதாவரிப் பள்ளத்தாக்கின் யாமன்பள்ளியில் கிடைத்த அதன் எலும்புகள் பொருத்தப்பட்டு, ஐதராபாத் பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்தில் முழு எலும்புக்கூடாக நிற்கின்றன.

இந்திய ஊனுண்ணிகளுள் மிகவும் அறியப்பட்டது குஜராத்தின் ராஜாசாரஸ் நர்மதென்சிஸ். பாலாசினோர் அருகிலுள்ள ரகியோலியில், சிமென்ட் சுரங்கம் இருந்த பகுதியில், 1982 முதல் 1984 வரை புவியியல் ஆய்வு மையத்தின் சுரேஷ் ஸ்ரீவஸ்தவா எலும்புகளைத் தோண்டி எடுத்தார். ஒவ்வொரு எலும்பும் கிடந்த இடத்தை அவர் வரைபடத்தில் குறித்து வைத்ததுதான் இங்கு முக்கியம். பல விலங்குகளின் எலும்புகள் கலந்து கிடந்த இடம் அது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து ஜெஃப்ரி வில்சனும் பால் செரினோவும் இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து அவற்றை ஆராய்ந்தபோது, எந்த இடுப்பெலும்பு எந்த முதுகெலும்போடு சேரும் என்று காட்டியது அந்த வரைபடமே. 2003இல் ராஜாசாரஸ் அறிவிக்கப்பட்டது. தலையில் ஒற்றைக் கொம்பு. மடகாஸ்கரின் மஜுங்காசாரஸ் அதன் நெருங்கிய உறவு. மண்டையோட்டில் கிடைத்தது மூளையைச் சூழ்ந்த பகுதி மட்டுமே. கிடைக்காத தாடைகளை உறவினங்களைப் பார்த்து வடித்து முழு மண்டையோடாக்கினர். அருங்காட்சியகங்களில் டைனோசர் மண்டையோட்டைப் பார்க்கும் மாணவர்கள், அதில் எது எலும்பு, எது வார்ப்பு என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. 2019இல் ரகியோலியிலேயே ஒரு டைனோசர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் இத்தகைய எலும்புகளைத் தேட முடியாது. எடப்பாடி, சங்ககிரி, நாமக்கல் சமவெளியின் அடிப்பாறைகள் பெரும்பாலும் 250 கோடி ஆண்டுப் பழமையானவை. நிலத்தின் ஆழத்தில் வெந்து இறுகியவை. விலங்குகளே தோன்றாத காலத்தவை. எடப்பாடியில் எத்தனை ஆழமாகக் கிணறு வெட்டினாலும் டைனோசர் கிடைக்காது. பூலாம்பட்டியைத் தொட்டு ஓடும் காவிரியோடு கிழக்கே போய், திருச்சியைக் கடந்தால்தான் கடல் ஏறி இறங்கிய படிவுப் பாறைகள் வருகின்றன. அரியலூர் வட்டாரத்தில் அம்மோனைட் முதலிய கடல்வாழ் உயிரிகளின் புதைபடிவங்கள் ஏராளம். கல்லமேட்டுப் படிவு அவற்றுக்கிடையே நிலத்தில் படிந்தது. அதன் வயது சுமார் 7 கோடி ஆண்டு.

அங்கு ஊனுண்ணிகள் வாழ்ந்தது பொய்யில்லை. ஹென்றி பிளான்ஃபோர்டு 1862இல் இப்பகுதிப் பாறைகளைப் பற்றி விரிவாக எழுதிய காலத்திலேயே ஊனுண்ணிப் பல் ஒன்று கிடைத்திருந்தது. 2013இல் அஞ்சலி கோஸ்வாமி, குண்டுப்பள்ளி பிரசாத் உள்ளிட்டோர், கல்லமேட்டில் கிடைத்த ஒரு சிறு பல்லை ட்ரூடாண்டிட் என்னும் சிறிய வேட்டை டைனோசருடையது என்று அறிவித்தனர். பறவைகளுக்கு நெருங்கிய அந்த இனம் அதுவரை வடகண்டங்களுக்கே உரியதாகக் கருதப்பட்டு வந்தது.