வெசலே: ஆலயமும் குடிகளும்

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், குன்றொன்றின் மீது அமைந்த சிற்றூர் வெசலே. அதன் உச்சியில் மகதலா மரியாள் ஆலயம் நிற்கின்றது. வெளிர்நிறக் கல்லும் கருநிறக் கல்லும் மாறி மாறி அமைந்த அதன் அரைவட்ட வளைவுகளைக் கலை வரலாற்றாசிரியர் போற்றுவர். ஆனால், அக்கற்களுக்கு விலை கொடுத்தோர் யாவர்?

புனிதையின் திருப்பண்டங்கள் அங்குள்ளன என்ற நம்பிக்கை யாத்திரிகரை ஈர்த்தது, மடம் செழித்தது. எனினும், ஆர்த்தோ என்னும் மடாதிபதி ஆலயத்தைப் புதுக்கிக் கட்டியபோது, வரிச்சுமை குடிகளின் தலையிலேயே விழுந்தது. சினங்கொண்ட மக்கள் 1106இல் அவரைக் கொன்றனர். 1120இல் நேர்ந்த தீவிபத்தின் பின்னர் இன்றுள்ள நடுக்கூடம் எழுந்தது. மடத்தின் ஆதிக்கமோ தளரவில்லை. 1152இல் ஊரார் தம்மைத் தாமே ஆளும் நகர்மன்றத்தை அமைத்தனர். மடத்தின் பக்கம் நின்ற மன்னன் ஏழாம் லூயி 1155இல் அதனைக் கலைத்தான்.

ஆயினும், உழைப்பின் சுவடு அழியவில்லை. ஆலயத்தின் உள்வாயிலின் மேலே, கிறிஸ்துவின் உருவைச் சூழ்ந்த வளைவில், அறுவடை முதலாக மாதந்தோறும் மனிதர் செய்யும் தொழில்கள் செதுக்கப்பட்டுள்ளன.

அவ்வாலயத்தின் அழகைப் போற்றுவோம். அதற்காக வரியிறுத்தவர்களின் கதையையும் அதே பாடத்திலேயே நம் மாணவருக்குக் கற்பிப்போம்.