பழவேற்காட்டுப் பெண் வெளுத்த துணிகள்

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வடக்கே, கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீளும் மணல் திட்டைத் தொடர்ந்து போனால் பழவேற்காடு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. துணிமூட்டைகள் கப்பலேறிய அதே முகத்துவாரத்தில் மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் அந்த வியாபாரம் பெருகியது. பீஜப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாடிய 1659–61இல் மட்டும், நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் கம்பெனி 8,000 முதல் 10,000 பேரை விலைக்கு வாங்கியது. பெரும்பாலோரை இலங்கைக்கும், மிச்சப் பேரைப் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) மலாக்காவுக்கும் அனுப்பியது.

அவர்களுக்கு முன்னரே போனவர் கத்ரைன். டச்சு ஆவணங்கள் அவரைப் ‘பழவேற்காட்டுப் பெரிய கத்ரைன்’ என்கின்றன. பெற்றவர்கள் இட்ட பெயர் அவற்றில் இல்லை. பத்தாவியாவில் அடிமையாக இருந்தபோது, தன்னோடு உறவிலிருந்த ஒருவனின் சாவுக்காக அவருக்கு 1656இல் மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அதை ஆயுள்கால நாடுகடத்தலாகக் குறைத்தார்கள். 1657இல் நன்னம்பிக்கை முனையில் இறக்கப்பட்டார்.

அங்கே அவருக்குக் கிடைத்த வேலை, தளபதி யான் வான் ரீபெக் குடும்பத்தின் துணி வெளுப்பது. மண்ணாலும் மரத்தாலும் எழுப்பிய கோட்டைக்குள் இருந்தது அந்த வீடு. தளபதியின் மகன் ஆபிரகாம் அங்கேயே 1653இல் பிறந்தவன். கத்ரைன் வந்தபோது மூன்று வயதுப் பிள்ளை. அவன் அழுக்காக்கிய சட்டைகளும் இவர் கைக்குத்தான் வந்திருக்கும். அந்தப் பிள்ளை 1709இல் பத்தாவியாவின் தலைமை ஆளுநரானான். கத்ரைனைத் தண்டித்த ஊருக்கே அதிபதி. அதே வீட்டில் வங்காளத்து அஞ்செலா அடிமையாக உழைத்தார். கொய் இனச் சிறுமி குரோட்டோவா ஏவல் செய்தபடியே டச்சு கற்று மொழிபெயர்ப்பாளரானார். வெவ்வேறு கரைகளிலிருந்து பிடுங்கப்பட்ட பெண்களின் கைகளால் நடந்தது ஓர் ஐரோப்பியக் குடும்பத்தின் அன்றாடம். குடும்பத் தலைவர் நாட்குறிப்பு வைத்திருந்தார். வெளுத்தவரிடம் எழுதுகோல் இல்லை.

கத்ரைனை நாம் அறிவதே நீதிமன்றம் அவரைத் தண்டித்ததால்தான். குற்றம் சாட்டப்படாமல், பிறர் வீட்டில் அரைத்தும் துவைத்தும் செத்துப்போன ஆயிரக்கணக்கானோர் கணக்கேடுகளில் வெறும் தலைக்கணக்காகவே நிற்கிறார்கள். இதை எழுதும்போது நெஞ்சு கனக்கிறது.

கத்ரைன் பின்னர் விடுதலை பெற்றார். 1671இல் விடுதலையான வங்காளத்தவர் ஒருவரை மணந்தார். ஜெர்மானியப் படைவீரன் ஒருவனுக்கு அவர் பெற்ற மகன் கிறிஸ்டோஃபெல் ஸ்நைமன், மதக்கொடுமைக்குத் தப்பிவந்த புரொட்டஸ்டண்ட் குடும்பத்துப் பெண்ணை மணந்தான். தென்னாப்பிரிக்காவில் ஸ்நைமன் என்ற குடும்பப் பெயர் இன்றும் பரவலானது. வெள்ளையரெனத் தம்மை எண்ணிய பல ஆப்பிரிக்கானர் குடும்பங்களின் பாட்டி ஒருத்தி, நம் பழவேற்காட்டுக்காரி.

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை காத்து வருகிறது, நல்ல காரியம். வாங்கி விற்றவர்களின் பெயர்கள் அங்கே கல்லில் இருக்கின்றன. வாயிலருகே கத்ரைனின் பெயரையும் 1657 என்ற ஆண்டையும் தமிழில் பொறித்து ஒரு கல் நாட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.