விலையும் வீரனும்: திருச்சி அணியும் ஆட்டக்காரர் தேர்வின் வரலாறும்

ஒரு பொறுப்புக்கு உரிய ஆளைக் கண்டறிவது எப்படி என்ற வினாவுக்குத் தமிழக நிறுவனங்கள் காலந்தோறும் வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கின்றன. திருவரங்கம் கோயிலின் நிர்வாக வரலாற்றைச் சொல்லும் ‘கோயிலொழுகு’, முன்பு ஐந்து கொத்துகளாக இருந்த கோயில் பணியாளர் பிரிவுகளை இராமானுசர் பத்துக் கொத்துகளாக விரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய கைங்கரியத்தை வரையறுத்தார் என்று குறிப்பிடுகிறது; அப்பணிகளிற் பல தலைமுறை வழியாகவே கைமாறி வந்ததால், ஒருவர் தகுதியுடையவரா என்பதைத் தேர்ந்து பார்ப்பதைவிடச் சிறு வயது முதலே அவரைப் பழக்கித் தகுதியுடையவராக்குவதே அங்கு முறையாக இருந்தது. சோழர் காலத்துப் பிராமண ஊர்ச்சபைகள் வேறு வழியைக் கையாண்டன. முதலாம் பராந்தகனின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறையில் நில உடைமை, சொந்த மனை, 35 முதல் 70 வரையான வயது, மறைக் கல்வி ஆகிய தகுதிகளால் முதலில் பெயர்கள் சலிக்கப்பட்டு, எஞ்சியோரின் ஓலைகள் குடத்தில் இடப்பட்டு, ஒரு சிறுவனின் கையால் எடுக்கப்பட்டன. அதாவது தகுதிக்கு ஒரு கீழெல்லை வகுக்கப்பட்டது. அதற்கு மேல் நின்றவர்களுள் யார் சிறந்தவர் என்ற விவாதமே எழாதபடி திருவுளச்சீட்டு அதனை முடித்துவைத்தது.

தோற்றத்தைக் கொண்டு ஆளை எடைபோடுவதன் ஆபத்தும் இந்நிலத்தார் அறியாததன்று. வழக்குத் தீர்க்க வந்த முதியோர் சோழ மன்னனின் இளமையைக் கண்டு ஐயுற, அவன் நரைமுடி தரித்து முதியவன்போல் அமர்ந்து தீர்ப்பளித்தான் என்ற செய்தி ‘பழமொழி நானூறு’ நூலில் இடம்பெறுகிறது. மரபு அம்மன்னனைக் கரிகாலன் என்றே கொள்கிறது. அச்சோழரின் தலைநகராகிய உறையூர் இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதி.

நவீன விளையாட்டுக்கு வருமுன் இவ்வளவும் சொல்ல நேர்வதற்குக் காரணம் உண்டு: ஆளைக் கண்டறிவது எப்படி என்ற அதே வினாதான் அங்கும் எழுகிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தமிழகக் கிரிக்கெட்டில் தேர்வு என்பது தேர்வுக்குழுவின் தனிப்பட்ட நோக்கையும், ஆட்டக்காரருக்கு வேலை கொடுத்து அணி நடத்திய வங்கிகள், தொழில் நிறுவனங்கள், ரயில்வே ஆகியவற்றின் ஆதரவையும் சார்ந்திருந்தது. 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னை, மைசூர் அணிகள் மோதி ஒரே நாளில் முடிந்த ஆட்டமே ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் என்பதும், மாநில அணியில் இடம்பெற விரும்பியோர் பெரும்பாலும் சென்னை லீக்கில் ஆடியாக வேண்டியிருந்தது என்பதும், மாவட்டத்து இளைஞன் எவ்வளவு தொலைவிலிருந்து தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதை உணர்த்தும். தென்னிந்திய ரயில்வேயின் நிர்வாகத் தலைமையிடமாக இருந்து, பொன்மலைப் பணிமனையால் வளர்ந்த திருச்சியில் வேலையும் விளையாட்டும் இணைந்தே நடந்தன. ஆயினும் மாநிலத் தேர்வாளரின் கண் அங்கு நிலையாகப் பதிந்திருக்கவில்லை.

‘டிராஃப்ட்’ எனப்படும் முறை பிறந்தது அமெரிக்கக் கால்பந்தில். அணிகள் முறைவைத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்வதே அதன் சாரம். சென்ற ஆண்டில் கடைசியாக நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு. 1935இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் இதனை முன்மொழிந்தார். 1936இல் முதல் டிராஃப்ட் நடந்தது. பணக்கார அணிகளே நல்ல ஆட்டக்காரர்களை அள்ளிச் செல்வதைத் தடுப்பதும், போட்டி ஏலத்தால் ஊதியம் ஏறாமல் பார்த்துக்கொள்வதும் அதன் நோக்கங்கள். எனவே அது முதலாளிகளுக்கிடையே சமநிலை காண உருவான ஏற்பாடே தவிர, திறமையை அளக்கும் கருவியன்று. அம்முதல் டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் அந்த லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. பந்தை வாங்கி, எதிரணியின் நிற்பைக் கணத்தில் படித்து, யாருக்கு எறிவது என்று முடிவெடுக்கும் ‘குவாட்டர்பேக்’ என்னும் முதன்மை ஆட்டக்காரரைத் தேர்வதில் இக்குறை மேலும் வெளிப்பட்டது. ஓட்ட வேகம், உயரம், கைவலு ஆகியவை அளக்கப்பட்டன. 12 நிமிடத்தில் 50 வினாக்கள் கொண்ட அறிவுத் தேர்வும் வைக்கப்பட்டது. ஆயினும் 2000ஆம் ஆண்டில் 199ஆவது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிரேடிதான் பின்னர் ஏழு சூப்பர் பவுல் பட்டங்களை வென்றார்.

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் 2016இல் எட்டு அணிகளுடன் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) போட்டி, இந்த டிராஃப்ட் முறையையே தன் வசதிக்கேற்ப எடுத்துக்கொண்டது. ஆட்டக்காரர்கள் தரம் பிரிக்கப்பட்டு, தரத்துக்குத் தக்க ஊதியத்தில் அணிகள் அவர்களை முறைவைத்து எடுத்தன. முதல் ஆண்டில் ‘ரூபி காஞ்சி வாரியர்ஸ்’ என்றிருந்த அணி 2017இல் ‘ரூபி திருச்சி வாரியர்ஸ்’ ஆயிற்று. பின்னர் ‘பால்சி திருச்சி’, ‘திருச்சி கிராண்ட் சோழாஸ்’ என்று அதன் பெயர் மேலும் இருமுறை மாறியது. ஊர்ப்பெயரை ஏற்ற அணியில் ஆடியோர் மாநிலம் முழுவதிலிருந்தும் எடுக்கப்பட்டவர்கள் என்பதால், மலைக்கோட்டை நகரின் ரசிகருக்கும் அணிக்கும் இடையிலான உறவு பிறப்பாலன்றிப் பெயராலேயே அமைந்தது. இவ்வணி 2021 ஆகஸ்டில் இறுதி ஆட்டம் வரை சென்று, சேப்பாக் சூப்பர் கில்லீஸிடம் எட்டு ரன்களில் தோற்றது.

ஆட்டக்காரரின் மதிப்பு எதனால் அமைகிறது என்பதை ஒரே பந்துவீச்சாளரைத் தொடர்ந்து சென்று பார்க்கலாம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த தங்கராசு நடராஜன், 2015இல் ரஞ்சியில் அறிமுகமானபோது அவர் பந்துவீச்சு முறை ஐயத்துக்கு உள்ளாகி, அதனைத் திருத்திக்கொண்டு திரும்ப வேண்டியிருந்தது. 2016இல் டி.என்.பி.எல்.லில் திண்டுக்கல் அணிக்காக ஆடிய அவர், தூத்துக்குடிக்கு எதிரான சூப்பர் ஓவரில், அதாவது சமநிலையை முறிக்க வீசப்படும் கூடுதல் ஓவரில், மட்டையாளரின் காலடியில் விழும் யார்க்கர்களை அடுத்தடுத்து வீசிக் கவனத்தை ஈர்த்தார். அடுத்த ஆண்டு ஐ.பி.எல். ஏலத்தில் 10 லட்சம் ரூபாய் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்கு உயர்ந்த அவரை, 2018இல் ஐதராபாத் அணி 40 லட்சத்துக்கே எடுத்தது; 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்கு அறிமுகமான பின் 2022இல் விலை 4 கோடியாகி, 2024 நவம்பரில் டெல்லி அணி 10.75 கோடி கொடுத்தது. இடையில் 2023இல் டி.என்.பி.எல்.லுக்காகத் திருச்சி அணி அவரை 6.25 லட்சத்துக்கு வாங்கியிருந்தது. ஏழெட்டு ஆண்டுகளில் யார்க்கர் அதேதான். மாறியவை அந்தந்த அணியின் தேவை, கையிருப்புப் பணம், ஏலத்தில் எதிரே அமர்ந்தவர்களின் எண்ணிக்கை.

டி.என்.பி.எல். 2023இல் டிராஃப்டைக் கைவிட்டு முதன்முறையாக ஏலத்துக்கு மாறியது. அதற்கு முந்தைய பருவத்தின் ஓர் ஆட்டம் இம்மாற்றத்தின் பின்னணியில் வைத்துப் பார்க்கத்தக்கது. 2022 ஜூலையில் நெல்லை அணி சஞ்சய் யாதவின் சதத்தால் 236 ரன்கள் குவிக்க, திருச்சிக்காக ஆடிய முன்னாள் இந்தியத் தொடக்க வீரர் முரளி விஜய் 66 பந்துகளில் 121 அடித்தும் அணி தோற்றது. ஒருவரின் சதம் அணியின் வெற்றியாகாது என்பதற்கு அது சான்றாயிற்று. மறு ஆண்டு ஏலத்தில் சஞ்சய் யாதவுக்கு 17.6 லட்சம் கிடைத்தது. கோவை அணி சாய் சுதர்சனை 21.6 லட்சத்துக்கு எடுத்தது, அவருக்கு ஐ.பி.எல்.லில் குஜராத் அணி அப்போது கொடுத்துவந்த 20 லட்சத்தைவிட அது அதிகம். சில மாதங்களில், அந்த ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தில் அவர் 96 ரன்கள் எடுத்தபோது, மாநிலப் போட்டியின் மதிப்பீடு நாட்டளவிலான மதிப்பீட்டை முந்திக்கொண்டது தெளிவானது. அவரை நெருங்கி அறிந்திருந்தவர்கள் விலை சொன்னதே அதற்குக் காரணம். எனினும் நெருக்கம் மட்டும் போதாது. நடராஜனை வைத்திருந்த திருச்சி அவ்வாண்டு அட்டவணையின் அடியில் நின்றது.

ரசிகரிடையே நடக்கும் வாதங்களில் ஒரு சாரார் சராசரி, ஸ்ட்ரைக் ரேட் முதலிய எண்களையும், மற்றொரு சாரார் இக்கட்டான ஓவரில் ஆளின் நிதானத்தையும் அளவுகோலாகக் கொள்கின்றனர். இரு தரப்பும் ஒன்றை முன்னிபந்தனையாகக் கொண்டிருப்பதைக் கவனிக்கலாம்: ஆட்டக்காரர் ஏற்கெனவே யாரோ பார்க்கும் மேடையில் ஆடியிருக்க வேண்டும். எண்ணும் நிதானமும் அங்கேதான் பிறக்கின்றன. குடவோலை முறை கீழெல்லையைத் தாண்டிய எல்லோருக்கும் ஒரே வாய்ப்பளித்தது. திருவரங்கத்துக் கொத்துமுறை பிறந்த வீட்டிலேயே பயிற்சியளித்தது. டிராஃப்டும் ஏலமும் பார்க்கப்பட்டவர்களை மட்டுமே தரம்பிரிக்கும். 2025 வரையிலான டி.என்.பி.எல். பருவங்களில் சென்னை, நத்தம், திருநெல்வேலி, சேலம், கோவை ஆகிய இடங்களில் ஆட்டங்கள் நடந்தும், திருச்சிப் பெயரை ஏந்திய அணிக்குத் தன் ஊரில் ஓர் ஆட்டம்கூட அமையவில்லை. எனவே இம்மாவட்டத்தைப் பொறுத்தவரை, எவருக்கு எவ்வளவு விலை என்பதைவிட, எவருக்கு ஆடிக்காட்ட இடம் கிடைக்கிறது என்பதே தேர்வின் முதற்கட்டம்; அக்கட்டம் மாவட்ட லீக்கிலும் பள்ளி, கல்லூரி மைதானங்களிலும் நடக்கிறது, ஏலக்கூடத்தில் அன்று.